சொந்த ரத்தத்திலிருந்து ஒரு கூழ்: நாயின் ஆறாத புண்ணை மூடவைப்பது எது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வண்டி மோதி இழுத்ததில் எங்கள் நாயின் பின்னங்காலில் தோல் உரிந்துவிட்டது. மூன்று வாரமாகக் கட்டுப் போட்டும் புண் மூடவில்லை. அதன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, கூழாக்கிப் புண்ணில் வைக்கலாம் என்கிறார் டாக்டர். இது உண்மையான சிகிச்சைதானா?”

உண்மையான சிகிச்சைதான். தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைக்கும் நுண்துணுக்குகள்) செறிந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, என்று பெயர். ஆஸ்பத்திரிகளில் சுருக்கமாக பிஆர்பி என்பார்கள். ஆனால் அது எல்லாப் புண்ணுக்கும் பலிக்காது. ஏன் பலிக்கிறது என்பது புரிந்தால், எங்கே பலிக்காது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

காயம் ஆறும் படிகள் பள்ளியில் படித்தவைதான். ரத்தம் உறையும், வெள்ளணுக்கள் வந்து குப்பையை அகற்றும், நாலைந்து நாளில் சிவந்த புதுச்சதை அரும்பும், பிறகு ஓரங்கள் சுருங்க, மேல்தோல் ஊர்ந்து வந்து மூடும். நாயின் முதுகிலும் விலாவிலும் தோல் தளர்வாக இருப்பதால் பெரிய புண்கூட நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை சுருங்கி மூடிக்கொள்ளும். கணுக்காலுக்குக் கீழே இழுத்துக்கொள்ள உபரித் தோல் கிடையாது. அடியில் எலும்பும் தசைநார்களும்தான். அதனால்தான் கால் புண்கள் வாரக்கணக்கில் இழுக்கின்றன.

இனி தட்டணுவுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

தட்டணு ஒரு முழு செல் அல்ல. எலும்பு மஜ்ஜையில் உள்ள ராட்சத செல்களிலிருந்து பிய்ந்து வந்த துணுக்கு. உட்கரு கிடையாது, அகலம் இரண்டு மூன்று மைக்ரான்தான். ஆனால் அதற்குள் ஆல்ஃபா துகள்கள் என்னும் குட்டிப் பைகள் அடைந்து கிடக்கின்றன. மனிதத் தட்டணு ஒன்றில் இவை 50 முதல் 80 வரை இருக்கும். ஒவ்வொரு பையிலும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள் தயாராக மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பிடிஜிஎஃப் என்பது இழைகளை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கூப்பிடும். விஇஜிஎஃப் புதிய ரத்தத் தந்துகிகளை முளைக்கச் செய்யும். டிஜிஎஃப்-பீட்டா கொலாஜன் உற்பத்தியை முடுக்கும்.

இந்தச் சரக்கு இருப்பதே தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஆய்வகத்தில் செல்களை வளர்க்க ரத்த சீரம் ஊற்றுவார்கள். 1974-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரசல் ராஸ் குழுவினர் குரங்கின் ரத்தக்குழாய்த் தசைச் செல்களை வைத்து ஒன்றைக் கவனித்தார்கள். உறைந்த ரத்தத்திலிருந்து வடித்த சீரத்தில் செல்கள் பெருகின. தட்டணுக்களை முன்கூட்டியே நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தில் அவை பெருகாமல் சும்மா கிடந்தன. தட்டணுக்களைத் திரும்பச் சேர்த்ததும் பெருக்கம் மீண்டது. பெருகச் சொல்லும் கட்டளை தட்டணுவிலிருந்து வருகிறது என்று ஐயமின்றி விளங்கியது. இவ்வளவு எளிமையாகவும் தெளிவாகவும் அமைந்த பரிசோதனைகள் அரிது.

பைகள் எப்படித் திறக்கின்றன? ரத்தம் உறையத் தொடங்கும்போது த்ராம்பின் என்னும் நொதி உருவாகிறது. அது தட்டணுவின் மேலுள்ள ஏற்பிகளைத் தொட்டதும், தட்டையாக இருந்த தட்டணு உருண்டு முள்முள்ளாக நீள்கிறது. உள்ளே உள்ள பைகள் நடுவுக்கு நெருக்கப்பட்டு, தட்டணுவின் மேற்பரப்பிலிருந்து உட்புறமாக மடிந்து ஓடும் நுண் கால்வாய்களோடு ஒட்டித் திறந்து, சரக்கை வெளியே கொட்டுகின்றன. நாய்க்கும் மனிதருக்கும் இப்படி. மாடு, குதிரை தட்டணுக்களில் அந்தக் கால்வாய் அமைப்பே இல்லை. பைகள் நேராக வெளிச்சவ்வோடு ஒட்டித் திறக்கின்றன. பெரும்பகுதிச் சரக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

அதே த்ராம்பின் அதே நேரத்தில் ரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை ஃபைப்ரின் இழைகளாக்கி வலை பின்னுகிறது. வெளிவந்த புரதங்களில் கணிசமான பகுதி இந்த வலையில் ஒட்டிக்கொண்டு, வலை கரையக் கரைய நாள்கணக்கில் கசிகிறது. செல்கள் ஊர்ந்து ஏறவும் அந்த வலையே தரை. அதனால்தான் பிஆர்பியைத் தண்ணீராகத் தெளிப்பதைவிடக் கூழாக்கி வைப்பதை நான் ஆதரிக்கிறேன்.

தயாரிப்பு இப்படி. கழுத்து ரத்தக்குழாயில், முதல் குத்திலேயே நல்ல ஓட்டம் வரும்படி 20 அல்லது 21 கேஜ் ஊசியால் ரத்தம் எடுக்க வேண்டும். மெல்லிய ஊசியில் இழுத்தாலும், திரும்பத் திரும்பக் குத்தினாலும் தட்டணுக்கள் சிரிஞ்சிலேயே விழித்துக்கொண்டு பைகளைக் கொட்டிவிடும். ரத்தம் உறையாமலிருக்க 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் சேர்க்க வேண்டும்: அது 1 மில்லிக்கு ரத்தம் 9 மில்லி. ஊதா மூடிக் குழாயிலுள்ள இடிடிஏ என்னும் உறைதடுப்பி தட்டணுவை ஊதவைத்துக் கெடுக்கும். அது ரத்த எண்ணிக்கை பார்க்க மட்டும். 20 கிலோ நாயின் உடலில் சுமார் 1.6 முதல் 1.8 லிட்டர் ரத்தம் இருக்கும் என்பதால் 18 மில்லி எடுப்பதில் ஆபத்தில்லை.

முதல் சுழற்சி மெதுவாக: ஏறத்தாழ 250 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 250 மடங்கு) 10 நிமிடம். சிவப்பணுக்கள் அடியில் இறங்கும், தட்டணுக்கள் மேலே பிளாஸ்மாவில் மிதக்கும். அந்தப் பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றி, ஏறத்தாழ 1000 ஜி விசையில் இன்னொரு 10 நிமிடம். இப்போது தட்டணுக்கள் அடியில் படியும். மேல் பகுதியை எடுத்துவிட்டு, மீதி 2, 3 மில்லியில் அந்தப் படிவைச் சில நிமிடம் ஊறவிட்டு மெல்லக் கலக்கினால் பிஆர்பி தயார். குலுக்கக் கூடாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, விசைக்குப் பதில் சுற்றுகளைப் பார்ப்பது. நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது 10 செ.மீ. ஆரமுள்ள சென்ட்ரிஃபியூஜில், அதாவது சுழற்றும் கருவியில், சுமார் 250 ஜி. 15 செ.மீ. ஆரமுள்ளதில் அதுவே 377 ஜி. இன்னோர் ஆஸ்பத்திரியின் குறிப்பை அப்படியே நகலெடுத்தால் தட்டணுக்களும் சிவப்பணுக்களோடு அடியில் போய், கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்மா.

அதனால் பிஆர்பியில் உள்ள தட்டணுக்களை எண்ணாமல் வைக்கக் கூடாது. ஒரு மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. இரண்டரை லட்சம் உள்ள நாய்க்கு நான்கு மடங்கு செறிவூட்டினால் இலக்கு வந்துவிடும். உண்ணிக் காய்ச்சல் வந்து 40,000-க்கு இறங்கிய நாய்க்கு அதே நான்கு மடங்கு 1,60,000-தான். ஆரோக்கியமான நாயின் சாதாரண ரத்தத்தைவிடக் குறைவு! நம் ஊர் நாய்களில் அந்தக் காய்ச்சலைத் தரும் எர்லிச்சியா கிருமி பரவலாக இருப்பதால் முதலில் ரத்த எண்ணிக்கை, பிறகு சென்ட்ரிஃபியூஜ். புண் இருக்கும் இடத்தில் கட்டி இருந்தால் இந்தச் சிகிச்சையே கூடாது. வளரச் சொல்லும் கட்டளையைப் புற்றுசெல்லும் கேட்கும்.

கடைசியாக, 1 மில்லி பிஆர்பிக்கு 0.1 மில்லி அளவில் 10 சதவீத கால்சியம் குளோரைடு. ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் பிடித்துவைத்திருந்த அந்தக் கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சில நிமிடங்களில் கூழ் உறையும். அதைப் புண்ணில் பரப்பி, ஒட்டாத பாரஃபின் வலைத்துணி, அதன்மேல் பஞ்சு, கட்டு. அயோடின் மருந்தை அதன்மேல் ஊற்றினால் எல்லாம் வீண்.

இவ்வளவு சரியாகச் செய்தும் பலன் இல்லாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. நாள்பட்ட புண்ணில் செத்த தசையும் கிருமியும் இருக்கும்வரை வெள்ளணுக்கள் புரதம் சிதைக்கும் நொதிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வளர்ச்சிக் காரணிகளும் புரதங்களே. கரையான் புற்றில் வைத்த கடிதம்போல, படிக்க ஆள் வருமுன் செய்தி தின்னப்பட்டுவிடும். மனிதர்களின் சர்க்கரை நோய்க் கால்புண்ணுக்காக பிடிஜிஎஃப் புரதத்தைத் தனியாகத் தயாரித்து, பெகாப்லெர்மின் என்ற கூழாக 1997-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதன் ஆய்வுகளிலும் செத்த தசையை அடிக்கடி வெட்டிச் சுத்தம் செய்த மையங்களில்தான் நல்ல பலன் கிடைத்தது.

ஆகவே பாதி வேலை கத்தியும் தண்ணீரும்தான். கருத்தது, வெளிறியது, வெட்டினால் ரத்தம் கசியாதது எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். நிறைய சலைனால் கழுவ வேண்டும். குளோர்ஹெக்சிடின் வேண்டுமென்றால் 2 சதவீதக் கரைசலில் 25 மில்லியை 975 மில்லி நீரில் கலந்து 0.05 சதவீதமாக்கிப் பயன்படுத்தலாம். அடர்த்தியாக ஊற்றினால் புதுச்செல்கள் சாகும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். புழுப் புண்ணில் டர்பன்டைன் ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது புழுவோடு நல்ல தசையையும் பொசுக்குகிறது, வலியும் கொடூரம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

“நாய் நக்கினாலே புண் ஆறிவிடும்” என்பதும் அப்படி ஒரு நம்பிக்கை. எச்சிலுக்கு லேசான கிருமியெதிர்ப்பு உண்டு என்பது மெய். ஆனால் நாக்கு புதுச்சதையையும் ஃபைப்ரின் வலையையும் ஒரே இரவில் சுரண்டி எடுத்துவிடும், வாயிலுள்ள பாக்டீரியாவையும் கொண்டுபோய் வைக்கும். கழுத்தில் கூம்பு மாட்டாமல் பிஆர்பி வைப்பது காசைக் கரைப்பது.

எல்லா விலங்குக்கும் இது ஒன்றுபோல் பொருந்தாது. குதிரையின் கீழ்க்காலில் புதுச்சதை குறைவாக அல்ல, அளவுக்கு மீறி வளர்ந்து தோலை மூடவிடாமல் தடுப்பதே பிரச்சினை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் குதிரையின் கால் புண்ணில் பிஆர்பி அந்த மிகைவளர்ச்சியைத் தூண்டி ஆறுவதைத் தாமதப்படுத்தியது. பூனைக்கு நாயைவிடப் புதுச்சதை மெதுவாகவே வரும். அதன் தட்டணுக்கள் தொட்டாலே திரண்டுகொள்வதால் ரத்தம் எடுப்பதே சவால்.

ஆழமான தீக்காயத்தில் செய்தியைவிடத் தரைதான் முதல் தேவை. 2017 டிசம்பரில் கலிபோர்னியாவின் தாமஸ் காட்டுத்தீயில் பாதம் வெந்த இரண்டு கரடிகளுக்கும் ஒரு மலைச் சிங்கக் குட்டிக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் கால்நடை மருத்துவர் ஜேமி பெய்டன், கிருமி நீக்கிய திலேப்பியா மீன்தோலைப் பாதத்தில் தைத்தார். பிரேசில் மருத்துவர்கள் மனிதத் தீக்காயங்களுக்குக் கையாண்ட வழி அது. மீன்தோலின் கொலாஜன் புண்ணை மூடி ஈரம் காத்து வலி தணிக்கும். கடித்துத் தின்றாலும் கேடில்லாதபடி அரிசித்தாளும் சோளத்தோலும் சுற்றிக் கட்டினார்கள்.

ஸ்டெம் செல் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். புண்ணில் போட்ட ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் தோலாக மாறுவதில்லை. சில நாட்கள் இருந்து சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்துவிட்டு மறைகின்றன. இன்றைய விலைக்கு அதைக் கால் புண்ணுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிஆர்பிக்குக் காப்புரிமை எடுக்க ஆளில்லை, ஏனெனில் மருந்து நாயின் சொந்த ரத்தம். அதனால் பெரிய ஆய்வுக்குப் பணம் போடும் நிறுவனமும் குறைவு. ஒவ்வொரு குழுவும் தனித்தனி வேகத்தில் சுழற்றி, பத்துப் பதினைந்து நாய்களோடு நிறுத்திவிடுகிறது. இதற்கு அரசுப் பணம்தான் வழி. 1903 முதல் இயங்கும் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு வரும் நாய்கள் போதும், ஒரே தயாரிப்பு முறையில், தட்டணு எண்ணிக்கையைப் பதிவு செய்து, நல்ல ஒப்பீட்டு ஆய்வு நடத்த.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ரத்த எண்ணிக்கை பாருங்கள், புண்ணை முழுதாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், சிவந்த, சீழில்லாத தரை வந்தபின் கூழ் வையுங்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் ஒளிபுகும் தாளைப் புண்ணின்மேல் பிடித்து ஓரத்தை வரைந்து தேதி போட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் அந்தக் கோடு உள்ளே நகரவில்லை என்றால் மூன்றாவது கூழுக்குப் போகாமல், ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பூஞ்சையோ, எலும்பில் சீழோ, கட்டியோ அடியில் இருக்கலாம்.