அங்கன்வாடி சத்துமாவும் முட்டையும்: உங்கள் பிள்ளைக்கு என்ன உரிமை, வீட்டில் என்ன தர வேண்டும்

சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கன்வாடியில் எதுவும் தரமாட்டார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போவதில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 5ஆவது பிரிவு, 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற உணவை அங்கன்வாடி வழியாக இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. வருமானச் சான்றிதழோ, ரேஷன் கார்டின் வகையோ இதற்குத் தேவையில்லை. பிழைப்புக்காக வேறு ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களும் இருக்கிற இடத்து மையத்தில் பதியலாம். குழந்தைக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை என்றால் அம்மாவின் ஆதாரை வைத்துப் பதிந்துகொள்ளலாம். பிள்ளையைத் தனியார் டே கேரில் விடுகிறீர்களா, அப்போதும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவுக்குப் பெயர் பதியக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் சின்னக் குழந்தைகளுக்குச் சத்துமாவைப் பாக்கெட்டாக வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். 2 வயது முடிந்த பிள்ளைகளுக்கு மையத்திலேயே மதியம் சூடாகச் சாப்பாடு, வாரத்தில் 3 முட்டை, சில நாள் பயறோ உருளைக்கிழங்கோ. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு தொடங்கியபோதே பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்ததால்தான், சட்டம் 3 வயதிலிருந்து சொல்கிற சூடான சாப்பாடு இங்கே ஒரு வருடம் முன்பே கிடைக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இதற்கு இணை உணவு என்றுதான் பெயர். 2013 சட்டம் வந்தபோது ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு வைத்த அளவு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். 2023இல் அந்த அட்டவணையைத் திருத்தி நுண்சத்துகளுக்கும் அளவு வைத்தார்கள். 2 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 கலோரி வேண்டும். மீதிப் பாதி வீட்டில்தான் கிடைக்க வேண்டும், அதுவும் மையம் திறக்கிற நாளில்; மூடியிருக்கிற நாளில் முழுவதுமே வீட்டில்தான். வருடத்துக்கு 300 நாள்தான் கணக்கு. "பால்வாடியில சாப்பிட்டாச்சே" என்று ராத்திரி இரண்டு பிஸ்கட்டோடு படுக்க வைப்பதும், ஒரு பிள்ளையின் பெயரில் வந்த மாவை வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுப்பதும் அந்தப் பிள்ளையின் பங்கைத்தான் குறைக்கின்றன. மாவு பிடிக்கவில்லை என்று மாட்டுத் தொட்டியில் கொட்டுகிறவர்களும் உண்டு, பார்க்கவே வயிறு எரிகிறது. கஞ்சியாகப் பிடிக்காவிட்டால் அடையாகவோ கொழுக்கட்டையாகவோ செய்து பாருங்கள்.

வீட்டுச் சாப்பாட்டில் நம் ஊரில் சோறு தாராளம், பருப்பும் எண்ணெயும் குறைவு. பிள்ளையின் வயிறு சின்னது, தண்ணியாகக் கரைத்த ரசம் சாதத்திலேயே அது நிரம்பிவிடும். அதனால் கெட்டியாகப் பிசைந்த பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விடுங்கள், முருங்கைக்கீரையை மசித்துச் சேர்த்து ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கீரையிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேரும், சாப்பாட்டோடு டீ கொடுத்தால் அது கெடும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலோடு சாப்பாடு. ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம்.

டே கேருக்கும் இதே கணக்குதான், பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதானே போகிறது. என்ன கொடுத்தார்கள், எவ்வளவு சாப்பிட்டது என்று தினமும் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் சட்டப்படி குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும், அம்மா நாளைக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். பால் குடிக்கிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் எடை. மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடாவில் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும், 11.5க்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் 2022இல் "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டம் வந்தது. சிறப்பு உணவும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

மாவோ முட்டையோ ஒழுங்காக வராவிட்டால் முதலில் பணியாளரிடம் கேளுங்கள். பல நேரம் சரக்கே மையத்துக்கு வந்திருக்காது, அவரைத் திட்டிப் பயனில்லை. அடுத்து வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதற்கும் மேலே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். எழுத்தில் கொடுங்கள், அதில் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள்: தர வேண்டிய உணவைத் தராவிட்டால் மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படியாகப் பணம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது.