மஞ்சள் மூடிக்குள் ஊதா டியூப் ரத்தம்

போன சனிக்கிழமை இரவு 11.30 மணிக்கு லேபிலிருந்து போன். டியூட்டியில் இருந்த பையன் குரலில் பதற்றம்.

"சார், ஒரு வார்டு சாம்பிள்ல பொட்டாசியம் 11.8 வருது. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். கிரிட்டிக்கல்னு சொல்லிடவா?"

"கால்சியம் எவ்வளவு?"

"2-க்கும் கீழ சார்."

"ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ்?"

"9."

"ரிசல்ட்டை நிறுத்தி வை. வார்டுக்கு நான் பேசிக்கறேன்."

வார்டு சிஸ்டரிடம் முதலில் நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லா இருக்காரு சார். போன்ல பேரன்கூட பேசிட்டிருக்காரு" என்றார். பொட்டாசியம் 11.8 உள்ளவர் பேரனோடு பேசிக்கொண்டிருக்க மாட்டார். 3.5-லிருந்து 5.1 வரை இருக்க வேண்டியது அது. 7-ஐத் தாண்டினாலே இதயம் எப்போது வேண்டுமானாலும் தடுமாறலாம். "சிஸ்டர், ஊதா டியூப்ல இருந்து மஞ்சள் டியூப்ல ஊத்தினீங்களா?" என்றேன். "இல்ல சார், தனித்தனியாத்தான் எடுத்தேன்." நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மஞ்சள்ல கம்மியா இருந்துச்சு சார். ஊதால நிறைய இருந்துச்சு. மறுபடியும் குத்தணுமேன்னு..." என்று இழுத்தார்.

இந்த மாதத்தில் இது நான்காவது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பார்க்கவும் இல்லை, சிசிடிவியும் இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது? ஊதா மூடி டியூபுக்குள் இருக்கும் இடிடிஏ என்ற உப்புதான் காட்டிக்கொடுத்தது. ரத்தம் உறையாமல் இருப்பதற்காகப் பொட்டாசியத்தோடு சேர்ந்த இடிடிஏவை அந்த டியூபில் போட்டே தருகிறார்கள். 1 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 1.8 மில்லிகிராம் கணக்கு. அது போகிற இடமெல்லாம் கூடவே பொட்டாசியத்தையும் கொண்டு போகும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடுங்கிக்கொள்ளும். பொட்டாசியம் ஏறி, கால்சியமும் அந்த நொதியும் ஒரேயடியாக இறங்கியிருந்தால் அது நோயாளியின் உடம்பில் நடந்தது இல்லை, டியூபில் நடந்தது.

இப்போது என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "ஒரே ஆளோட ரத்தம்தானே சார், எந்த டியூப்ல இருந்தா என்ன?" நர்சிங் மாணவிகள் மட்டுமல்ல, ஹவுஸ் சர்ஜன்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு சீனியர் டாக்டரே சொன்னார்.

ஒரே ஆளின் ரத்தம்தான், யார் இல்லை என்றது? ஒரே பாலைத்தான் ஒரு பாத்திரத்தில் உறை ஊற்றி வைக்கிறோம், இன்னொன்றில் டிகாக்‌ஷன் கலக்கிறோம். பால் ஒன்றுதானே என்று காபியை எடுத்துத் தயிர்ப் பாத்திரத்தில் ஊற்றுவீர்களா? மூடியின் நிறம் அழகுக்காக இல்லை. உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஊதாவில் இடிடிஏ. நீலத்தில் சோடியம் சிட்ரேட். சாம்பலில் சோடியம் ஃப்ளோரைடு, பெரும்பாலும் கூடவே பொட்டாசியம் ஆக்சலேட். பச்சையில் ஹெப்பாரின். சிவப்பிலும் மஞ்சளிலும் ரத்தம் உறைய வேண்டும், அதனால் உறைவைத் தடுக்கும் எதுவும் அவற்றில் கிடையாது. பார்வைக்கு எல்லாம் ஒரே சிவப்பு ரத்தம். மெஷினுக்கு அவை வேறு வேறு திரவம்.

பச்சையில் ஒரு வேடிக்கை உண்டு, வேடிக்கை என்று சொல்லக் கூடாதுதான். அதில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின். மனநலச் சிகிச்சையில் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொல்வார்கள். அந்த ரத்தத்தைப் பச்சை டியூபில் எடுத்தால், நாம் அளப்பது அவர் சாப்பிட்ட லித்தியத்தையா, டியூபில் இருந்ததையா? மருந்தே சாப்பிடாதவருக்கும் சாப்பிட்டவர் மாதிரி ரிசல்ட் வரும். ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு நச்சளவு என்று வந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

சரி, 11.8 என்று வந்தால் பெரும்பாலும் யாரும் நம்பப் போவதில்லை, அதனால் ஆபத்தும் குறைவு. என் பெரிய பயம் இரண்டு மூன்று சொட்டு மட்டும் கலந்த சாம்பிளைப் பற்றித்தான். சிரிஞ்சில் எடுத்து, முதலில் ஊதாவில் விட்டு, ஊசி முனை அந்த மருந்தில் பட்டு, அதே ஊசியோடு மஞ்சளுக்கு வருகிறார்கள். பொட்டாசியம் முக்கால் அல்லது ஒரு புள்ளி கூடும். கால்சியம் லேசாகக் குறையும், கண்ணில் படாது. வாந்திபேதியில் உண்மையான பொட்டாசியம் 2.9-க்கு இறங்கிய ஒருவருக்கு 3.7 என்று நார்மலாகக் காட்டும். ரிசல்ட்டில் சிவப்பு எழுத்து வராது, லேபிலிருந்து யாரும் போன் செய்ய மாட்டார்கள். அந்த நோயாளிக்குப் போக வேண்டிய பொட்டாசியம் போகாது. சந்தேகம் வந்தால் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் நீரில், இடிடிஏவையே நேரடியாக அளக்கும் பரிசோதனை இருக்கிறது. ஆனால் சந்தேகம் வர வேண்டுமே!

சனிக்கிழமை நோயாளிக்குப் புது சாம்பிளில் வந்தது 3.1. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர். 11.8-ஐ நம்பி யாராவது பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாக்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

(இதே குடும்பத்தில் இன்னொன்று: உறைந்த ரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைப்பது. அப்போதும் பொட்டாசியம் ஏறும், ஆனால் கால்சியம் அப்படியே இருக்கும். அதை வைத்துத்தான் ஊற்றியதா, ஃபிரிட்ஜில் வைத்ததா என்று பிரித்துச் சொல்கிறோம். கலெக்‌ஷன் சென்டர் நடத்தும் தம்பிகள் கவனிக்கவும்.)

டிரிப் ஏறும் கையிலேயே ரத்தம் எடுப்பதும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லியில் 5 கிராம், அதாவது 5,000 மில்லிகிராம் குளுக்கோஸ். சாம்பிளில் பத்தில் ஒரு பங்கு அது கலந்தாலும் சர்க்கரை 500 கூடிவிடும். நார்மல் சலைன் கலந்தால் குளோரைடு ஏறி, சோடியம் தவிர மற்ற எல்லாம் தண்ணீர் ஊற்றிய சாம்பார் மாதிரி நீர்த்திருக்கும். பாட்டிலில் என்ன தொங்குகிறது என்று ரிசல்ட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் சொன்னால், "எங்ககிட்ட பார்கோடு இருக்கு சார், தப்பு நடக்காது" என்று ஒரு பதில் வருகிறது. பார்கோடுக்குத் தெரிந்தது டியூபை மட்டும்தான். எந்த டியூப் எத்தனை மணிக்கு எந்த மெஷினுக்குப் போனது என்று துல்லியமாகச் சொல்லும். உள்ளே இருப்பது முருகேசனுடைய ரத்தமா, பக்கத்துக் கட்டில் முருகையனுடையதா என்று அதற்கு எப்படித் தெரியும்? காலையில் நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து இருபது டியூபுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி டிரேயில் அடுக்கிக்கொண்டு கிளம்பும் பழக்கம் இருக்கும் வரை பார்கோடு ஒன்றும் செய்யாது.

ஆள் மாறினால் எங்களுக்குக் கிடைக்கும் தடயமும் குறைவு. ரத்தச் சிவப்பணுக்களின் சராசரி அளவு, எம்சிவி, ஒருவருக்கு ஒரு நாளில் பெரிதாக மாறாது. நேற்று 68, இன்று 94, நடுவில் ரத்தமும் ஏற்றவில்லை என்றால் அது இரண்டு ஆட்கள். பழைய ரத்த வகை பதிவில் இருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். பிளட் பேங்கில் இரண்டாவது சாம்பிள் கேட்டால் முறைக்காதீர்கள், காரணம் இதுதான். இரண்டு பேருக்கும் எல்லாமே நார்மல் என்றால் எங்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

சிறுநீரிலாவது ஒரு வழி இருக்கிறது. எல்லாருடைய சிறுநீரிலும் கிரியேட்டினின் என்ற தசைக் கழிவு வரும். ஒரு டெசிலிட்டரில் 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார், அல்லது கலந்திருக்கிறார். 2-க்கும் கீழே என்றால் அது சிறுநீரே இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். வேலைக்கான போதைப்பொருள் பரிசோதனையில் வெதுவெதுப்பான டீத் தண்ணீர் கொடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் போதை மீட்புச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இதற்காகவே பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த குறியீட்டு மருந்தைக் குடிக்கக் கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். சற்று நேரத்தில் அது சிறுநீரில் வரும். வராவிட்டால் அந்தச் சிறுநீர் அவருடையது இல்லை. உணவு ஆராய்ச்சிக்காரர்கள் 24 மணி நேரச் சிறுநீர் முழுசாக வந்ததா என்று பார்க்க, பாபா (PABA) என்ற பொருளை 80 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை மாத்திரையாகக் கொடுப்பார்கள். 85 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில் திரும்பி வந்தால் சேகரிப்பு சரி. நம் ஊரில் கேனைக் கொடுத்து அனுப்பினால், "ராத்திரி ரெண்டு தடவை மட்டும் விட்டுட்டேன் சார், பரவாயில்லையா?" என்கிறார்கள். பரவாயில்லை இல்லை. மறுபடி முதலிலிருந்து.

சரி, என்ன செய்ய வேண்டும்?

ரத்தம் எடுப்பவர்களுக்கு: ஒரு டியூபிலிருந்து இன்னொன்றில் ஊற்றாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும், ஒரு சொட்டுகூட. குறைவாக இருந்தால் குறைவாகவே அனுப்பி ஒரு போன் போடுங்கள், இருப்பதை வைத்து எது முக்கியமோ அதைப் பார்த்துத் தருகிறோம். வரிசை மாறக் கூடாது: கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில், நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். டிரிப் இல்லாத கையில் எடுங்கள். ஸ்டிக்கரை எடுத்த பிறகு, கட்டிலருகிலேயே ஒட்டுங்கள். "நீங்கதானே முருகேசன்?" என்று கேட்காதீர்கள், அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னங்க ஐயா?" என்று கேளுங்கள். பேனாவில் எழுதினால் ஸ்பிரிட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி அழிந்து 'மு' மட்டும் மிஞ்சிய டியூப்கள் எங்களிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. திசு பரிசோதனை செய்யும் என் நண்பர்கள் இன்றும் கண்ணாடிச் சில்லில் பென்சிலால்தான் எழுதுகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் ஆல்கஹாலும் சைலீனும் மையைக் கரைத்துவிடும், பென்சிலை ஒன்றும் செய்யாது.

தப்பு நடந்துவிட்டால் கேட்டதும் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. அந்த சிஸ்டர் இழுத்து இழுத்தாவது சொன்னதால்தான் பத்து நிமிஷத்தில் புது சாம்பிள் எடுக்க முடிந்தது. அவரை யாரும் திட்டக் கூடாது என்று வார்டு இன்சார்ஜிடம் சொல்லியிருக்கிறேன்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நாலு டியூப் எடுக்கிறார்களே, ரத்தத்தை விற்றுவிடுவார்களோ என்று கேட்கிறீர்கள். நாலும் சேர்ந்தால் பத்துப் பதினைந்து மில்லி வரும், இரண்டு மூன்று டீஸ்பூன். மறுபடி குத்த வேண்டும் என்று வந்தால் கொஞ்சம் கை நீட்டுங்கள். நீங்கள் கத்துவீர்கள் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு ஊற்றுகிறார்கள்.