தர்மபுரியிலிருந்து பாதாமிக்கு: பாறையேறப் போகிறவர்கள் ரயிலில் கவனிக்க வேண்டியவை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கரடுகளில் ஏறிப் பழகி, முறையாகக் கயிறு போட்டு ஏறவும் கற்றுக்கொண்ட இளைஞர்கள் அடுத்துப் போக நினைக்கும் இடம் கர்நாடகத்தின் பாதாமி. செம்மணற்கல் சுவர்கள், கயிறு மாட்டப் பாறையில் போல்ட் அடித்து வைத்த ஏறும் தடங்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான வெயில். கிளம்புவதற்கு முன் எங்களிடம் வருகிறவர்கள் பாறையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ரயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கயிறு கெடுவதும், தூக்கம் கெடுவதும், கடைசி நாளில் அவசரம் தொற்றிக்கொள்வதும் பயணத்தால்தான் என்பதால் பயிற்சி தருகிற எங்களுக்கு அந்த ரயில்தான் பெரிய கவலை.

முதலில் வழி. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. அங்கிருந்து போகிறவர்கள் பேருந்தில் ஓசூருக்கோ நேராக பெங்களூருக்கோ போய்விடுவது நல்லது. தர்மபுரிக்காரர்களுக்கு பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூர் போகும் வண்டிகள் உண்டு. அங்கிருந்து ஹூப்ளி, கதக் வழியாக விஜயபுரா பக்கம் போகும் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் பாதாமியில் நிற்கும். ஓமலூர்–ஓசூர் தடம் ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் நேரம் கணக்கில் வராது. அதோடு, நம் பக்கத்து வண்டிகள் எல்லாம் பெங்களூரில் ஒரே நிலையத்துக்குப் போவதில்லை. மெஜஸ்டிக் அருகே உள்ள கே.எஸ்.ஆர். நிலையம் வேறு, பையப்பனஹள்ளியில் 2022-இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா முனையம் வேறு, யஷ்வந்த்பூர் வேறு. டிக்கெட்டில் இறங்கும் நிலையத்தையும் ஏறும் நிலையத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் விடுங்கள். இரண்டு பி.என்.ஆர். எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி அடுத்தது போய்விட்டால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் கேட்க அது உதவும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. போகும் டிக்கெட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுங்கள். திரும்புவதை எந்த நாளுக்குப் போடுவது என்பது கடைசியில் வருகிறது.

இனி கயிறு. பாறையேறும் கயிறு நைலான். அதற்கு முதல் எதிரி பேட்டரி ஆசிட், அதாவது கந்தக அமிலம். கொஞ்சம் பட்டாலே நைலான் இழை உள்ளுக்குள் வலுவிழந்துவிடும். நிறம் மாறாது, தொட்டால் வித்தியாசம் தெரியாது, கயிறு புதிது போலவே இருக்கும். விழுகிற ஆளைத் தாங்க வேண்டிய நொடியில் அறுந்துபோகும். அதனால்தான் கயிற்றை பார்சல் வேனில் போடவே கூடாது என்கிறோம். அங்கே ஏற்றும் மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோலை இறக்கிவிடுவார்கள், பேட்டரி வண்டியிலேயே இருக்கும். மூட்டைகளும் மீன் பெட்டிகளும் அதே தரையில்தான் கிடக்கும். பெர்த்துக்கு அடியிலும் வேண்டாம். தரை துடைக்கும் திரவம், கழிவறைப் பக்கமிருந்து ஓடி வரும் தண்ணீர், யாரோ வைத்த பையில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலை. ஸ்லீப்பரில் அப்பர் பெர்த் கேட்டு வாங்குங்கள். கயிற்றைக் கயிற்றுப் பையில் போட்டு, அதற்கு மேல் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று சுற்றி, தலைமாட்டில் வையுங்கள். 70 மீட்டர், 9.8 மில்லிமீட்டர் கயிறு ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்கும், தலையணையாகவே வைத்துக்கொள்ளலாம். திருட்டு பயமும் இருக்காது.

நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் கடைசித் தூரம் இன்னும் மோசம். பாதாமி ரயில் நிலையம் ஊரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஏறுவது பேட்டரியில் ஓடும் ஆட்டோ என்றால், பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில்தான் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். பையைக் கால்மாட்டில் வைக்காமல் மடியில் வையுங்கள். ஜீப், வேனின் பின்பக்கம் ஏற்றினால் கீழே என்ன சிந்தியிருக்கிறது என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். கயிற்றில் ஆசிட் பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அந்தக் கயிறு முடிந்தது. வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். இடுப்பில் கட்டும் ஹார்னஸும், பட்டை வளையமான ஸ்லிங்கும் இதே கணக்கில்தான் சேரும். விலையை நினைத்துச் சிலர் தயங்குகிறார்கள். தயவுசெய்து தயங்காதீர்கள்.

ஹெல்மெட்டைப் பைக்கு வெளியே தொங்கவிட்டுக் கூட்டத்தில் ஏறுவதைப் பார்க்கிறோம். கதவில் இடிபட்டு உள்ளே இருக்கும் நுரை விரிசல் விட்டாலும் மேலே தெரியாது. உள்ளே துணியைத் திணித்து, பைக்குள் மேலாக வையுங்கள், அதன்மேல் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் கேன், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் அடுப்பு எதுவும் ரயிலில் கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாதாமியில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, சமைக்கவே தேவையில்லை. ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. இரண்டு பேருக்குக் கயிறு, போல்ட்டில் கயிற்றை மாட்டும் குயிக் டிரா 14, ஹார்னஸ், ஷூ எல்லாம் சேர்த்தாலும் அதற்குள் அடங்கும்.

தூக்கம். காலையில் தர்மபுரியில் எழுந்து, பெங்களூரில் காத்திருந்து, இரவு வண்டியில் அரைகுறையாகக் கண்ணயர்ந்து இறங்குகிறவர், பாறையைப் பார்த்ததும் ஷூவை மாட்டத் துடிப்பார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பே 0.03 சதவீதம்தான். அந்த நிலையில் ஒருவர் பிலே பிடிக்கிறார் (ஏறுகிறவர் விழாதபடி கீழிருந்து கயிற்றைப் பிடிப்பது), ஒருவர் முடிச்சுப் போடுகிறார். எட்டு முடிச்சை பாதியில் விட்டுவிட்டுப் பேச்சில் மறப்பது, ஹார்னஸ் பக்கிளைச் சரியாக இழுக்காமல் விடுவது எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. இறங்கிய நாளில் லீட் ஏறாதீர்கள், அதாவது கயிற்றைப் போல்ட் போல்ட்டாக மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, குறைந்தது நாலு மணி நேரம் தூங்குங்கள். மாலையில் எளிய தடம் ஒன்றில், கயிறு முன்கூட்டியே மேலே மாட்டியிருக்கும் டாப் ரோப் போதும். ரயில் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களுக்கு, பெண்களுக்குக் குறிப்பாக, அன்று மாலையே தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைத்து மெதுவாகக் குடித்தால் சரியாகும். வழிக்குப் புளிசோறு எடுத்துப் போங்கள், தயிர்சோறு அந்த வெக்கையில் தாங்காது.

நம் ஊர் நைஸ் பாறையில் கால் உராய்வை நம்பி ஏறிப் பழகியவர்களுக்கு மணற்கல் வேறு. குறுக்காக ஓடும் விளிம்புகளைப் பிடித்துக் கைபலத்தில் ஏற வேண்டும், முன்கை சீக்கிரம் இறுகிவிடும். மழை பெய்தால் மணற்கல் தண்ணீரை உறிஞ்சி வலுவிழக்கும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் ஒரு முழு நாளாவது, பெருமழை என்றால் இரண்டு நாள், கை வைக்காதீர்கள், பிடி உடைந்துவிடும். குடைவரைக் கோயில்கள், கோட்டைச் சுவர்கள், கல்வெட்டு உள்ள பாறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 642-இல் பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியை, அதாவது இதே பாதாமியைப் பிடித்தபோது வெட்டிய கல்வெட்டும் இந்த ஊர்ப் பாறையில்தான் இருக்கிறது. அங்கே கையில் பூசும் சாக் தூள் ஒரு துளிகூடப் படக் கூடாது. நம் பக்கத்து ராயக்கோட்டை மலைக்கும் இதே மரியாதை வேண்டும்.

மலைத்தேனீயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். செங்குத்துப் பாறையின் நிழல் மடிப்புகளில் கூடு கட்டும் பெருந்தேனீ கூட்டமாகத் துரத்தும், கயிற்றில் தொங்குகிறவருக்கு ஓட வழியில்லை. ஏறுவதற்கு முன் தூரத்தில் நின்று முழுச் சுவரையும் பாருங்கள். போன மாதம் போய் வந்தவர் "கூடு இல்லை" என்று சொன்னதை நம்பாதீர்கள், அவை பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கன்னடம் கைவசம் இருக்கும். ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டால் எந்தச் சுவர் என்று காட்டிவிடுவார்கள். கீழே புகை, வாசனைத் திரவியம், கல் உருட்டுவது, டிரோன் எதுவும் வேண்டாம். தேனீ கலைந்தால் ஏறுகிறவரை உடனே கீழே இறக்குங்கள், குயிக் டிரா போனால் போகட்டும். நிறையக் கொட்டு வாங்கியவரையும் மூச்சுத் திணறுகிறவரையும் 108-இல் அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பெரிய சிகிச்சைக்கு பாகல்கோட்டில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கடைசி நாள். திரும்பும் வண்டி அன்று இரவு என்றால், மதியத்துக்கு மேல் "இன்னும் ஒரே ஒரு தடம்" என்ற ஆசை வரும். கயிற்றைச் சுருட்ட வேண்டும், ரூமைக் காலி செய்ய வேண்டும், 5 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த அவசரத்தில் தவறுவது ஏறும்போது குறைவு, இறக்கும்போதுதான் அதிகம். தடம் 35 மீட்டருக்கு மேல் இருந்து கயிறு 70 மீட்டர் மட்டும் என்றால், இறக்கும்போது கயிற்றின் நுனி பிலே கருவியிலிருந்து உருவிப்போகும், ஏறியவர் தரையில் விழுவார். நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் அது கருவியில் சிக்கி நிறுத்திவிடும். இந்த முடிச்சுக்குப் பத்து நொடி போதும். மேலே தடம் முடியும் இடத்தில் கயிற்றைத் தாங்கும் ஆங்கரில் இரண்டு போல்ட்டிலும் கயிறு போயிருக்கிறதா, போல்ட்டில் உள்ள தகடான ஹேங்கர் ஆடுகிறதா என்று பார்ப்பதையும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அதனால்தான் திரும்பும் டிக்கெட்டைக் கடைசியாக ஏறும் நாளுக்கு மறுநாள் போடச் சொல்கிறோம். ஒரு ரூம் வாடகை கூடுதலாகும், அவ்வளவுதான். விடுப்பு கிடைக்கவில்லை, அன்றே கிளம்பியாக வேண்டும் என்றால், காலை 11 மணிக்குக் கயிறு பைக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு யாருக்காகவும் அதை அவிழ்ப்பதில்லை என்று முதல் நாளே குழுவில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.