கலிங்கு இருக்க 'கசிவுப்பாதை' எதற்கு?

போன வாரம் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் கோலகுபு பாருவில் மண் அணைகளின் பாதுகாப்பு பற்றிய விளக்கத் தாள் ஒன்று கைக்கு வந்தது. மலாயில் 'அலுர் லிம்பா' (ஆங்கிலத்தில் 'ஸ்பில்வே') என்று இருந்த இடத்தில் தமிழில் 'கசிவுப்பாதை'. இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை, இதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

சரியான சொல் கலிங்கு. கலுங்கு, கலிங்கல் என்றும் வழங்கும். ஏரியோ அணையோ நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் கரைக்குச் சேதமில்லாமல் வெளியேற, கரையைவிடத் தாழ்வாகக் கட்டிவிடும் இடம். சென்னை மாகாணத்து வெள்ளைக்காரப் பொறியாளர்கள்கூட நம் கலிங்கலைத்தான் 'காலிங்குலா' என்று எடுத்துக்கொண்டார்கள், 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அது இருக்கிறது.

சரி, கசிவுப்பாதை என்றால் என்ன கெட்டுவிட்டது? எல்லாமே கெட்டுவிட்டது. மண் அணைக்குக் கசிவுதான் எதிரி. மண் கரை கொஞ்சமாவது கசியும், அதனால்தான் உள்ளே களிமண்ணை நெருக்கி நடுச்சுவர் வைத்து, அதற்குப் பின்னால் மணல் வடிகட்டியும் அடியில் வடிகாலும் போடுகிறார்கள். வருகிற நீர் தெளிவாக, ஒரே அளவில் இருந்தால் பரவாயில்லை. கலங்கி வந்தால் கரையின் மண்ணே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அமெரிக்காவில் ஐடஹோவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று, முதல் முறையாக நிரப்பிக்கொண்டிருக்கும்போதே, காலையில் சேற்று நீர் கசிந்து மதியத்துக்குள் உடைந்தது, 11 பேர் இறந்தார்கள். இப்போது இந்தத் தாளில் 'கனமழையில் கசிவுப்பாதையில் நீர் வருவது இயல்பு' என்று எழுதியிருக்கிறது. அணைக்குக் கீழே குடியிருக்கும் ஒருவர் கரையடியில் சேறு ஊறுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இயல்புதான் என்று வீட்டுக்குள் போய்விடுவார்.

கலிங்கு அதற்கு நேரெதிர். மண் கரையின் தலைக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் வெளிச்சரிவு அரிக்கப்பட்டு, கரை மளமளவென்று போய்விடும். பினாங்கு ஆயர் ஈத்தாம் அணை மாதிரி குடிநீருக்காகவே மண்ணால் கட்டிய அணை, மழையில்லாத மாதங்களுக்காக முடிந்தவரை நிறைந்து நிற்க வேண்டியது. நிறைந்து நிற்கும் அணையில் அடுத்த மழை எங்கே போகும்? கலிங்கு வழியாகத்தான்.

சிலர் மதகு என்கிறார்கள். மதகு நாம் திறந்து மூடி, வேண்டிய நீரை எடுக்கும் வழி. கலிங்கு யாரும் தொடாமலே, மட்டம் ஏறினால் தானாக வழியும். கதவு வைத்த கலிங்கும் உண்டு, அதன் வேலையும் மிச்ச நீரை விடுவதுதான்.

கலிங்கு யாருக்குப் புரியும் என்று ஒரு நண்பர் கேட்டார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாத்தாவுக்குப் புரிந்தது, தோட்டத்துக் குட்டை நிரம்பினால் "கலிங்கு தாண்டிருச்சு" என்பார். திருநெல்வேலிக்காரர்கள் குளம் மறுகால் பாய்கிறது என்பார்கள், இலங்கையில் வான் பாய்கிறது. மறுகால், வான் எதை வேண்டுமானாலும் போடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து, அகராதியில் ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் கிடைத்ததை ஒட்டவைக்கும் பழக்கத்தோடுதான் என் சண்டை. அதே தாளில் நீர்மட்டத்துக்கும் கரையுச்சிக்கும் நடுவே விடும் உயரம், ஆங்கிலத்தில் 'ஃப்ரீபோர்டு', 'இலவசப் பலகை' ஆகியிருக்கிறது. அணை கட்டும் வேலை தெரிந்த ஒருவரிடம் அது என்னவென்று கேட்டிருக்கலாமே! 1883இல் அணை உடைந்து வெள்ளம் புகுந்து, சிசில் ரேங்கிங் என்ற அதிகாரி உட்படப் பலர் மாண்ட பழைய கோலகுபு இங்கே பக்கத்தில்தான் இருந்தது. இந்த ஊரில் கொடுக்கும் தாளிலாவது 'கலிங்கு' என்று போட்டு, பக்கத்தில் 'மிகைநீர் வெளியேறும் இடம்' என்று சேர்த்து அச்சடியுங்கள்.