மண்டையோட்டைத் திருப்பிப் பாருங்கள்

பாலூட்டிகளின் எலும்புகளை இனம்பிரித்து அடுக்கி வைப்பது என் வேலை. புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே மேசைமேல் இரண்டு மண்டையோடுகளை வைப்பேன். இரண்டுக்கும் நீண்ட முகம், கூரான கோரைப்பல். "ரெண்டும் நாய்தானே?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

ஒன்று நாய். மற்றது தைலசினின் வார்ப்பு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் வாழ்ந்த, டாஸ்மேனியப் புலி என்று எழுதுகிறார்களே, அதுதான். திருப்பி அண்ணத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தைலசினுக்கு அண்ண எலும்பின் பின்பகுதியில் ஜன்னல்போல இரண்டு பெரிய துளைகள் உண்டு, நாய்க்குக் கிடையாது. மேல்தாடை வெட்டுப்பற்களை எண்ணினால் நாய்க்கு 6, இதற்கு 8. தைலசின் வயிற்றுப் பையில் குட்டி சுமந்த விலங்கு. அதற்கும் நாய்க்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஓடித் துரத்தியோ பதுங்கியோ இரை பிடிக்கிற வாழ்க்கை இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது. இதைக் குவி பரிணாமம் என்கிறோம்.

ஆட்டைத் தின்கிறது என்று பழிபோட்டு, 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசு 2,184 தைலசின்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்தது. சட்டப் பாதுகாப்பு வந்தது 1936 ஜூலையில். ஐம்பத்தொன்பதாம் நாள், ஹோபார்ட் விலங்குக்காட்சியகத்தில் கடைசித் தைலசின் செத்துப்போனது.

அதன் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாஸ்மேனியன் டெவிலைப் பலருக்குத் தெரியும். நம்பாட்டைத் தெரிந்தவர்கள் குறைவு. கரையான் மட்டுமே தின்னும், முதுகில் வரியோடிய, அணிலைவிடக் கொஞ்சம் பெரிய ஜீவன். அதுவும் அருகிவருகிறது. செத்துப்போன தைலசினுக்காக வருத்தப்படுகிறவர்களில் பத்துப் பேர் நம்பாட்டின் பெயரைக் கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பெயரும் தோற்றமும் இப்படித்தான் ஏமாற்றும். 'வாள்பல் புலி' என்கிற ஸ்மைலோடான் புலியின் கிளையே அல்ல. பூனைக் குடும்பத்தில் வாரிசில்லாமல் முடிந்துபோன தனிக் கிளை. அழிந்துபோன கம்பளி காண்டாமிருகத்துக்கு இன்றுள்ள நெருங்கிய சொந்தம் சுமத்ரா காண்டாமிருகம். அது 80க்கும் குறைவு. அழிந்துபோன ரோம யானையான மாமூத்தின் கடைவாய்ப்பல்லைக் கட்டைவிரலால் தடவினால் தட்டுத் தட்டாக வரப்புகள் நெருடும், ஆசிய யானைப் பல்லைப் போலவே. ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்துக்குத்தான் ஆசிய யானை நெருக்கம். மாமூத்தை மீட்கப்போகிறோம் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: 22 மாதம் வயிற்றில் சுமக்கப்போவது யார்? ஏற்கெனவே அருகிவரும் ஆசிய யானையா?

மனசை அதிகம் அறுப்பது ஸ்டெல்லர் கடல் பசு. 1741இல், ரஷ்யாவுக்காகக் கடலோடிய பெரிங்கின் கப்பல் உடைந்து தீவொன்றில் ஒதுங்கியபோது, உடன் போன இயற்கையியலாளர் ஸ்டெல்லர் அதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். எட்டு மீட்டர் நீளம். வாயில் பல்லே இல்லை. கொம்புபோன்ற தகடுகளால் கடற்பாசியை அரைத்துத் தின்றது. மெதுவாக நகரும், மனிதர்களைக் கண்டால் ஓடாது. தோலுக்காக வந்த வேட்டைக் கப்பல்கள் வழிச்சாப்பாட்டுக்கு அதை அடித்தன. 1768க்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. அறிவியல் கண்ணில் பட்டு 27 ஆண்டுதான்.

அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது ஆவுளியா மட்டும். அதையும் நாம் கடல் பசு என்கிறோம், ஆனால் மாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நிலத்தில் அதன் கிட்டத்துச் சொந்தம் யானை. பெண் ஆவுளியாவுக்குப் பால்காம்பு முன்துடுப்பின் அடியில் இருக்கும். யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவேதான். வளர்ந்த ஆணுக்கு வெட்டுப்பல் நீண்டு தந்தமாகும்.

ஒரு வருடத்துக்கு மேல் கர்ப்பம், ஒரு குட்டி, அடுத்ததற்குப் பல வருட இடைவெளி. இந்தக் கணக்கில் சில தாய்கள் அநியாயமாகச் செத்தாலே ஒரு பகுதியின் கூட்டம் தேய்ந்துவிடும். சீனாவின் கரையோரக் கடலில் அது இல்லாததற்குச் சமம் என்று 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கடற்புல் அழிவதும் படகு மோதுவதும் ஒருபக்கம்; வலை இன்னொருபக்கம். மீனுக்கு விரித்த வலையில் மாட்டினால், நுரையீரலால் மூச்சுவிடும் இந்த விலங்கு சில நிமிடங்களில் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

உயிரோடு சிக்கியதைக் கண்டால் வலையை இழுத்துப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி தாங்கிப் பிடியுங்கள். அது ஒருமுறை மூச்சு வாங்கியபின் கத்தியை எடுங்கள்.