பசுமை ஹைட்ரஜன்: கிலோவுக்கு இரண்டு கிலோ என்ற வரம்பு

ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஓடும் பேருந்தின் புகைக்குழாயில் கரும்புகை வராது; நீராவியும் சில சொட்டுத் தண்ணீரும்தான் வரும். பிளாட்டினத் துகள் பூசிய மெல்லிய சவ்வின் ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வந்து சேர, எதுவும் எரியாமலேயே மின்சாரம் உண்டாகிறது. ஆனால் அந்த ஹைட்ரஜன் எப்படிக் கிடைத்தது என்பதைப் பேருந்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இயற்கை எரிவாயுவை நீராவியுடன் வினைபுரியச் செய்து எடுத்தால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

இதை மாற்றுவதற்காக ஒன்றிய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனை எட்டுவது இலக்கு. இதில் 17,490 கோடி ரூபாய், தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்புக் கருவிகளைத் தயாரிப்போருக்கும் ஹைட்ரஜன் உற்பத்தியாளர்களுக்கும் ஊக்கத்தொகையாகப் போகிறது. உற்பத்தியாளருக்குக் கிலோவுக்கு முதல் ஆண்டில் அதிகபட்சம் 50 ரூபாய், அடுத்த ஆண்டு 40, மூன்றாம் ஆண்டு 30. வாகனம் வாங்கும் தனிநபருக்கு இந்த ஊக்கத்தொகையில் பங்கில்லை.

திட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது, எதைப் பசுமை ஹைட்ரஜன் என்று அழைக்கலாம் எனச் சொல்லி 2023 ஆகஸ்டில் வந்த தரவரையறையை. தண்ணீரைச் சுத்திகரிப்பது முதல் வாயுவை உலர்த்தி அழுத்துவது வரையிலான வெளியேற்றம், கடந்த 12 மாதச் சராசரியில், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான அளவைத் தாண்டக் கூடாது. வரம்பு எவ்வளவு கறாரானது என்பது ஒரு கணக்கில் தெரியும். மின்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நிலக்கரியை நம்பியிருக்கும் நம் பொது மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுவதால், அந்த மின்சாரத்தில் எடுத்த ஹைட்ரஜன் 35 கிலோ சுமையோடு வந்து, எரிவாயுவிலிருந்து எடுத்ததைவிட மோசமானதாகிவிடும். ஆகவே சூரிய ஒளி, காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரம் இல்லாமல் இவ்வரம்புக்குள் வர முடியாது. பயிர்க்கழிவு போன்ற உயிரிப்பொருளிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதற்கும் இதே 2 கிலோதான்.

ஒரு குறை எனக்கு உறுத்துகிறது: இந்தக் கணக்கு ஆலை வாசலோடு முடிந்துவிடுகிறது. அழுத்திய ஹைட்ரஜனை டீசல் லாரியில் ஏற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோனாலும், அந்த டீசலின் புகை 2 கிலோவில் சேராது.