திரியை அறுக்கும் சருகு

சித்திரை மாதத்து நடுப்பகலில் தென்னைக்கு அடியில் கிடக்கும் காய்ந்த மட்டை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். சுற்றிலும் மண் காலைச் சுடும். மட்டைக்குக் கீழே மட்டும் கறுத்துக் குளிர்ந்து, வெள்ளைப் பூஞ்சை நூல் நூலாய் ஓடியிருக்கும். இரண்டு இடத்துக்கும் பாய்ந்தது ஒரே தண்ணீர்தான்.

வெற்று மண்ணை இப்படி எதையாவது கொண்டு மூடிவைப்பதுதான் மூடாக்கு. 'நிழல் விழுகிறது, அதனால் காயவில்லை' என்பார்கள். அது பாதிக் காரணம்தான்.

மீதி மண்ணுக்குள் இருக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே மயிரிழை போன்ற சந்துகள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை அடியிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கின்றன. மேலே கொஞ்சம் ஆவியானால் கீழிருந்து கொஞ்சம் ஏறிவரும். சருகைப் பரப்பியதும் அந்தத் திரி மண்மட்டத்தோடு அறுந்துவிடுகிறது. சருகுகளுக்கு இடையிலான சந்து பெரிது. அதில் நீர் ஏறாது. ஆவியாக மாறி, அசையாத காற்றுக்குள் ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். கரிசல் காட்டில் பயிருக்கு ஊடே மேலாகக் கொத்திவிடுவதும் இதே கணக்குத்தான். அங்கே புழுதியே மூடாக்கு, வெடிப்பும் அடைபட்டுப்போகும்.

களைகளில் பலவற்றின் பொடி விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மூடினால் அவை தூங்கிவிடும். கோரையிடம் மட்டும் இது பலிக்காது. கிழங்கிலிருந்து ஊசிபோலக் கிளம்பி, மூடாக்காக விரிக்கும் பிளாஸ்டிக் தாளான மல்ச்சிங் ஷீட்டையே குத்திக்கொண்டு வரும்.

வைக்கோல் போட்டால் செடி மஞ்சளாகும் என்ற பயம் உண்டு. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 50 முதல் 80 பங்கு வரை கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு 25 பங்கு அளவே சரி. பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். ஆனால் இது வைக்கோலை மண்ணோடு கொத்திக் கலந்தால்தான். மேலே கிடந்தால், மண்ணைத் தொடும் தோல் கனத்தில் மட்டும் நடக்கும், வேர்வரை எட்டாது.

தென்னைக்கு, தேங்காய் உரித்த மட்டையைப் பரப்பச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் 100 மட்டைகள், குழிந்த பக்கம் தரையைப் பார்த்தபடி. அதே மட்டையைப் பள்ளத்தில் புதைப்பதென்றால் குழிந்த பக்கம் மேலே. முன்னது ஈரம் தப்பாமல் மூடுகிற மூடி, பின்னது நீர் பிடிக்கிற கிண்ணம்.

தர்பூசணி, மிளகாய் வயல்களில் விரிக்கும் ஷீட்டின் வெள்ளிநிறம் வெளிச்சத்தைத் திருப்பியடித்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தடுமாற வைக்கிறது. நல்ல தந்திரம்தான். ஆனால் சருகு மட்கி மண்ணாகும். ஷீட் கிழிந்து ஷீட்டாகவே கிடக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு நான் அதை வாங்கமாட்டேன்.

என் பப்பாளிக்கு ஒருமுறை ஆசை ஆசையாய்த் தண்டு மறைய இலைகளைக் குவித்தேன். ஐப்பசி மழையில் தண்டின் அடி கொழகொழவென்று அழுகி, மரம் சாய்ந்தது. இப்போதெல்லாம் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுத்தான் போடுகிறேன்.